பாலம் வரை நன்றாகத்தான் ஓடினேன்

உட்கார்ந்திருக்கக் கூடாது. சத்திரம் பேருந்து நிலையத்தில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்து ஏறிவிட்டேன், அது பெரிதில்லை. உட்கார்ந்ததும்தான் தொடை இரண்டும் என்னைக் கேட்காமல் இறுகிக்கொண்டன. கே.கே. நகர் வந்ததும் எப்படி எழுந்திருக்கப் போகிறேன் என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை, கூட்டமில்லை, ஜன்னலோர இடம். கண்டக்டர் மகளிர் இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் நெஞ்சைப் பார்த்தார். சுருக்கென்றது. பிறகுதான் ஓட்டப்போட்டி நம்பர் சீட்டைக் கழற்றவே இல்லை என்று தெரிந்தது. கழற்றலாம் என்று ஊக்கில் விரலை வைத்தால் விரல் வீங்கியிருக்கிறது, மோதிரம் சதைக்குள் அமுங்கியிருக்கிறது. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நாள் முழுக்க நரம்பைத் தேடிக் குத்துகிற விரல், கைக்குழந்தைகளுக்கு சுகந்தி மேடம்தான் எடுக்கணும் என்று கேட்டு வருகிறார்கள், அந்த விரலால் ஓர் ஊக்கைத் திறக்க முடியவில்லை. விட்டுவிட்டேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். இருபத்தோரு கிலோமீட்டர். அரை மாரத்தான். முழுசுகூட இல்லை, அரை. அதிலும் பாதியைத்தான் ஓடினேன். மீதியை நடந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, இழுத்துக்கொண்டு வந்தேன். நான் வந்து சேர்ந்தபோது முடிவுக்கோட்டு வளைவில் காற்றை இறக்கிவிட்டிருந்தார்கள். விடியற்காலையில் சாலைக்குக் குறுக்கே அவ்வளவு உயரமாக நின்ற நீல வளைவு ஓரமாகப் படுத்துக் கிடந்தது, இரண்டு ஆட்கள் அதை மிதித்து மிதித்துச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். கோடு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். ஒருவர் நிமிர்ந்து பார்த்து, "இங்கதாங்க இருந்துச்சு, நீங்க தாண்டிட்டீங்களே," என்றார். தாண்டியது எனக்கே தெரியாது. எத்தனை மாதமாக அந்தக் கோட்டை நினைத்தேன், கையைத் தூக்கிக்கொண்டு தாண்டுவதா, குனிந்து தொட்டுக் கும்பிட்டுத் தாண்டுவதா என்றெல்லாம் குளிக்கும்போது யோசித்தேன். எந்த இடத்தில் தாண்டினேன், எந்தக் காலால் தாண்டினேன், ஒன்றும் தெரியாது.

மெயின்கார்டு கேட்டில் ஒரு அம்மாள் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார். மடியில் முருங்கைக்கீரைக் கட்டு. என் கையில் சுருட்டி வைத்திருந்த பதக்க நாடாவைப் பார்த்து, "என்னம்மா, போட்டியா?" என்றார். ஓட்டப்போட்டி என்றேன். "செயிச்சியா?" இல்லை என்றேன். "பின்ன இது?" எல்லாருக்கும் கொடுப்பதுதான் என்றேன். அவர் பதக்கத்தை வாங்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். "எல்லாருக்கும் குடுக்கறதுன்னா அப்புறம் ஏன் ஓடணும்," என்றார். குத்திச் சொல்லவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.  திருப்பிக் கொடுத்துவிட்டு, "கனமா இருக்கு," என்றார், நல்ல சாமான் என்கிற மாதிரி. கனம்தான். கழுத்தில் போட்டபோதே குனிய வைத்தது. போட்ட பெண் கல்லூரியில் படிக்கிறவளாக இருப்பாள், மற்ற எல்லாரும் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்க இவள் மட்டும் அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னைத் தேடி ஓடி வந்தாள். "சூப்பர் ஆன்ட்டி," என்றாள். அவள் ஓடி வந்த வேகத்தைப் பார்த்துத்தான் அழுகை வந்தது. அவ்வளவு சுலபமாக ஓடினாள், செருப்புக் காலோடு. ஆறிப்போன பொங்கலை ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தார்கள், இரண்டு வாய்க்குமேல் இறங்கவில்லை. நேரம் என்ன என்று கேட்டேன். கடிகாரத்தை வேனில் ஏற்றியாகிவிட்டது, "நெட்ல வரும் மேடம்," என்றார்கள், பிறகு ஒருவர் தயங்கி, "டைம் முடிஞ்சப்புறம் வந்தவங்களுக்கு வராதுன்னு நெனைக்கிறேன்," என்றார். ஆக, எனக்கு நேரம் இல்லை. வீட்டுக்காரர் முதலில் நேரத்தைத்தான் கேட்பார். இல்லை, நேரத்தைக் கேட்க மாட்டார், எங்கே விட்டாய் என்றுதான் கேட்பார். பாய்லர் குழாய்களில் கசிவு எங்கே என்று கண்டுபிடிப்பதே வேலையாக இருந்தவர். உடைந்த இடத்தைப் பார்க்க மாட்டார், உடையத் தொடங்கிய இடத்தைத்தான் தேடுவார். எங்க விட்ட, சுகந்தி? பாலத்தில் என்று சொல்ல வேண்டும். பாலத்தில் என்ன ஆச்சு என்பார். அதற்கப்புறம்?

ஒன்றும் ஆகவில்லை, வேகமாகப் போய்விட்டேன். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். வேகமாகப் போகாதே என்று அவர் சொல்லாத நாளில்லை. முதல் பாதியில் பக்கத்தில் வருகிறவரோடு பேச்சுக் கொடுக்க முடிகிற வேகத்தில்தான் ஓடணும், மூச்சு வாங்கினால் உடனே குறைச்சுக்கோ, எல்லாரும் உன்னைத் தாண்டிப் போவாங்க, போகட்டும், அவங்களைத் திரும்பி வர்றப்போ நீ தாண்டுவே. மைதானத்துச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு இடது கையால் காற்றில் கோடு போட்டுப் போட்டுச் சொல்வார். வலது கை மடியில் கிடக்கும். பக்கவாதம் வந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. ஒரு காலையில் பல் தேய்க்கப் போனவர் பிரஷ்ஷைக் கீழே போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார், என்னைத் திரும்பிப் பார்த்து என்னவோ சொன்னார், அது வார்த்தையாக இல்லை. பேச்சு திரும்பி வந்தது, முகம் நேரானது, காலும் கையும் முழுசாக வரவில்லை. நடக்கணும் என்றார் டாக்டர். நடந்தார். ஊன்றுகோலை வைத்து, காலை இழுத்து, நின்று, மறுபடி ஊன்றி. நான் பக்கத்திலேயே கையை நீட்டிக்கொண்டு போவேன், விழப்போகிற பாத்திரத்தைப் பிடிக்கப் போகிற மாதிரி. ஒருநாள் மைதானத்தில் அத்தனை பேர் முன்னால், "பக்கத்துல நிக்காத சுகந்தி, போ, போய் நீயும் எதையாவது பண்ணு," என்று கத்தினார். போனேன். எங்கே போவது, ஓடுகிறவர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள், நானும் அந்தப் பக்கமே வேகமாக நடந்தேன், அழுகையை அவர் பார்க்கக் கூடாது என்றுதான் வேகத்தைக் கூட்டினேன், அப்படியே ஓட்டமாகிவிட்டது. திரும்பி வந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. "குதிகாலைத் தரையில அடிக்காத," என்றார். அன்றையிலிருந்து அது அவருடைய வேலை. எனக்கு ஷூ வாங்கியது அவர், போட்டிக்குப் பெயர் கொடுத்தது அவர், என்னால் முடியாது என்றபோது, நான் பாத்துக்கறேன், நீ ஓடினா மட்டும் போதும் என்றது அவர். என் கால்களில்தான் அவர் ஒரு வருஷத்துக்கு மேலாக நடந்துகொண்டிருக்கிறார். அந்தக் கால்களை நான் பாலத்தில் அவரிடம் கேட்காமல் எடுத்துக்கொண்டேன்.

பாலம். பஸ் பாலக்கரையில் நிற்கிறது, எனக்கு அந்தப் பெயரே பொறுக்கவில்லை, இது வேறு பாலம், தெரியும், ஆனாலும். காவிரிப் பாலத்தில் ஏறியபோது இன்னும் நன்றாக விடியவில்லை. ஆற்றில் தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது, அதன்மேல் பனி, மலைக்கோட்டை விளக்கு மட்டும் பின்னால் தெரிந்தது. வண்டிகளை நிறுத்திவிட்டிருந்தார்கள். நூறு பேர் ஓடியும் சத்தமே இல்லை, காலடிச் சத்தம் மட்டும், மழை தூறுகிற மாதிரி. பக்கவாட்டிலிருந்து காற்று வந்தது. அப்போதுதான் கவனித்தேன், என் இடது தோள் இறங்கியிருந்தது. எப்போதும் அந்தத் தோள் கொஞ்சம் தூக்கியே இருக்கும், அவர் சாய்ந்தால் தாங்க. தூங்கும்போதுகூட அப்படித்தான் என்று மகள் ஒருமுறை சொன்னாள். காதும் அப்படித்தான், வேலையிடத்தில் யார் எதைக் கீழே வைத்தாலும் அது ஊன்றுகோலாகக் கேட்கும். பாலத்தில் தோளும் இறங்கிவிட்டது, காதும் மூடிக்கொண்டது. ரொம்ப நேரமாக நான் அவரை நினைக்கவே இல்லை. அது தெரிந்தவுடன் பயம் வர வேண்டும், வரவில்லை, சிரிப்பு வந்தது. கால் தானாக விரிந்து விழுந்தது. ஒவ்வொருவராகத் தாண்டினேன். மூச்சு வாங்கியது, குறைக்கவில்லை. இந்தப் பாலம் முடிந்து ஸ்ரீரங்கம் முடிந்து கொள்ளிடம் முடிந்து நெடுஞ்சாலையில் ஏறி இப்படியே போய்க்கொண்டே இருந்தால் என்ன, மாத்திரை டப்பா இல்லை, நகம் வெட்டிவிடுவது இல்லை, ராத்திரி அவர் புரளும்போது எழுந்து உட்கார்வது இல்லை. பக்கத்தில் நரைத்த மீசை வைத்த ஒருவர் கூடவே வந்தார். "நல்லா ஓடுறீங்க. தனியாவா வந்திருக்கீங்க?" என்றார். தனியாத்தான் என்றேன். "வீட்ல யாரும் ஓட மாட்டாங்களா?" என்றார். "வீட்ல யாரும் இல்லை," என்றேன்.

ஓடுகிறவர்கள் யாரும் இல்லை என்றுதான் சொன்னேன். அவர் கேட்டது அதுதானே. கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். இலக்கணப்படி பார்த்தால் அதுதான் அர்த்தம். ஆனால் நான் எப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். அந்தச் சொல் வாயிலிருந்து இறங்கினபோது எவ்வளவு லேசாக இருந்தது என்று தெரியும். அந்த மனிதரும் அப்படித்தான் புரிந்துகொண்டார், "அடடா," என்று சொல்லி, என்னவோ ஆறுதல் சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டார். நான் திருத்தியிருக்கலாம். இல்லை சார், வீட்டுக்காரர் இருக்கார், உடம்பு சரியில்லை. இவ்வளவு சொல்ல என்ன மூச்சு வேண்டும். சொல்லாமல் அவரையும் தாண்டிப் போனேன். தாண்டி ஓடினது வேகத்தினாலா, அவர் இன்னொரு கேள்வி கேட்டுவிடுவார் என்றா. இரண்டும்தான். இரண்டும் இல்லை. அம்மா மண்டபத்துப் பக்கம் திரும்பும்போது கெண்டைக்காலில் முதல் இழுப்பு வந்தது, நாய் கடித்த மாதிரி. எனக்குத் தெரிந்துவிட்டது. உடம்பில் உப்புக் குறைந்தால் இழுக்கும், வேகமாக ஓடினால் இழுக்கும், நானே எத்தனை பேருடைய ரத்தத்தில் சோடியம் பார்த்துச் சொல்லியிருக்கிறேன், அதெல்லாம் தெரிந்தும், அது உப்பு இல்லை, அந்தச் சொல்தான் என்று தோன்றியது. அப்புறம் ஒன்றுமில்லை. வெயில் ஏறியது. நான் தாண்டினவர்கள் எல்லாரும் என்னைத் தாண்டினார்கள். மீசைக்காரர் நின்று காலைப் பிடித்துவிடட்டுமா என்றார், வேண்டாம் போங்க என்றேன், அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பாலத்தில் திரும்ப வரும்போது வண்டிகளை விட்டுவிட்டார்கள். ஓரமாக வலது காலை இழுத்து, நின்று, கைப்பிடிச் சுவரைப் பிடித்து, மறுபடி இழுத்து. ஒரு ஆட்டோக்காரர், "ஏறிக்கங்கம்மா, காசு வேணாம்," என்றார். ஏறவில்லை. அதைத்தான் பெருமையாகச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது, ஏறவில்லை என்பதை.

கைப்பேசி அதிர்ந்தது. அவராக இருக்கும் என்று பயந்து எடுத்தால் மகள், சென்னையிலிருந்து. "ஏம்மா, முடிச்சிட்டியா? போட்டோ எங்க?" போட்டோ எடுக்கலடி என்றேன். "ஒரு போட்டோகூடவா? கோடு தாண்டுறப்போ எடுப்பாங்களே." கோடு இல்லை என்றேன். "என்னது?" ஒன்றுமில்லை, முடிச்சிட்டேன், லேட் ஆயிடுச்சு. "லேட் ஆனா என்னம்மா, முடிச்சியே, அதுவே பெருசு. என் ஃபிரெண்ட்ஸ்கிட்டல்லாம் சொல்லிட்டேன்." நல்லதுடி என்றேன். அதுவே பெரிது. பெரிதுதான் போலிருக்கிறது. எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள், நாளைக்கு வேலையிடத்தில் கேக் வெட்டினாலும் வெட்டுவார்கள். "அப்பாவுக்கு அடிச்சேன், எடுக்கலம்மா," என்றாள் அவள். எத்தனை மணிக்கு அடித்தாய்? "இப்பத்தான், ரெண்டு மூணு தடவ. தூங்குறாரோ என்னவோ." தூங்க மாட்டார். இன்றைக்குத் தூங்க மாட்டார். கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்.

அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்து நின்றது. மறுபடி அடித்தேன். ஜங்ஷனில் ஆட்கள் ஏறி இறங்கினார்கள், சத்தத்தில் கேட்கவில்லையோ என்று காதோடு அழுத்திக்கொண்டேன், அங்கே எடுத்தால்தானே கேட்க. எதிர்வீட்டு ஜெயமேரி அக்காவுக்கு அடித்தேன். இட்லி கொடுத்து, மாத்திரை கொடுத்து, நான் வரும்வரை கூட இருக்கச் சொல்லியிருந்தேன். "நான் ஆறு மணிக்கே போனேனே சுகந்தி," என்றார் அக்கா. "ஒண்ணும் வேணாம், நான் பாத்துக்கறேன், நீங்க சர்ச்சுக்குப் போங்கன்னு அனுப்பிட்டாரு. நான் இப்ப பூசையிலதான் இருக்கேன், வெளிய வந்துதான் பேசுறேன். ஏன், என்ன ஆச்சு?" ஒன்றும் ஆகவில்லை என்று வைத்துவிட்டேன். ஆறு மணி. ஆறு மணிக்கு நான் எங்கே இருந்தேன். பாலத்திலா, பாலம் தாண்டியா. வீட்ல யாரும் இல்லை. சொன்ன சமயத்தில் அங்கே, குளியலறையில், ஈரத் தரையில். வேண்டாம். இப்படி நினைத்தால் நடக்கும். இப்படி நினைத்தால் நடக்காது, நாம் நினைத்தது எதுவும் நடப்பதில்லை, நினைக்காததுதான் நடக்கும், அதனால் எல்லாவற்றையும் நினைத்துவிட வேண்டும், குளியலறை, அடுப்பு, வாசற்படி, கட்டில் விளிம்பு, ஒன்றையும் விடக் கூடாது. டி.வி.எஸ். டோல்கேட் சிக்னலில் பஸ் நின்றது நின்றதுதான். கீரைக்கட்டுக்கார அம்மாள் என் முழங்கையைத் தொட்டு, "என்னம்மா, யாருக்கு அடிக்கற," என்றார். வீட்டுக்காரர் போன் எடுக்க மாட்டேங்கறார், உடம்பு முடியாதவர் என்றேன். பாலத்தில் சொல்ல வேண்டியதை இங்கே சொன்னேன், யாரிடமோ. "குளிக்கப் போயிருப்பாரு," என்றார். அவரால் தனியாகக் குளிக்க முடியாது என்றேன்.  நிறுத்தம் வந்ததும் அம்மாளே ஒரு கையில் கீரையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் என்னை அக்குளில் கோத்துத் தூக்கிவிட்டார். கண்டக்டர், "மெதுவா எறங்குங்க, வண்டி நிக்கும்," என்றார். நின்றது. நிறுத்தத்திலிருந்து வீடு ஒரு தெருதான். ஓட வேண்டும் என்று நினைத்தேன், கால் வரவில்லை. காலையெல்லாம் ஓடிய கால், இப்போது வேண்டும் என்கிறபோது வரவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனேன்.

கதவு சும்மா சாத்தியிருந்தது. கூடத்தில் அவருடைய நாற்காலி காலி. "என்னங்க," என்றேன். மறுபடி கூப்பிடுவதற்குள் படுக்கையறையிலிருந்து ஊன்றுகோல் சத்தம் கேட்டது, அவர் வந்தார். தலை ஈரமாக இருந்தது. வேட்டியைத் தானே கட்டியிருந்தார், ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி. சவரம் செய்திருந்தார், தாடையில் பஞ்சு ஒட்டியிருந்தது. "வந்துட்டியா," என்றார். நான் அங்கேயே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். போன் ஏன் எடுக்கலை என்று கேட்டேன், கத்தினேன் என்று நினைக்கிறேன். "குளிச்சிக்கிட்டிருந்தேன்," என்றார். தனியாவா? "தனியாத்தான்." விழுந்திருந்தா? "விழல." நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். முகம் கழுவிவிட்ட மாதிரி பளிச்சென்று இருந்தது, சோப்பினால் மட்டும் இல்லை. அந்த முகத்தை நான் ரொம்ப நாளாகப் பார்க்கவில்லை. "ரெண்டு மணி நேரம் ஆச்சு எல்லாத்துக்கும். ஸ்டூலைப் போட்டுக்கிட்டு, நிதானமா. சோப்பு ரெண்டு தடவ கீழ விழுந்துச்சு, எடுத்தேன். யாரும் எட்டிப் பாக்கல. எடுத்துக் குடுக்கவான்னு கேக்கல." ஈரத் தலையைக் கையால் துடைத்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காத சுகந்தி. நீ இல்லாதப்போ நல்லா இருந்துச்சு."

நெஞ்சில் என்னவோ குத்தியது. இவ்வளவு செய்கிறேன். ராத்திரி பகலாக. நல்லா இருந்ததாம். பிறகு அந்தக் குத்தல் எங்கே குத்துகிறது என்று பார்த்தேன், நானும் அவர் அறியாமல் குத்திய இடம்தான் அது. எனக்குக் கோபப்பட வழியில்லை. அவர் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க விட்ட?" என்றார். பாலத்துல வேகமாப் போயிட்டேன் என்றேன். "போறப்பவா, வர்றப்பவா?" போறப்போ. "ஏன்?" வெளியே தெருவில் யாரோ தண்ணீர்க் கேன் இறக்கிக்கொண்டிருந்தார்கள். நல்லா இருந்துச்சு என்றேன்.  "ஒருத்தர் கேட்டாரு, வீட்ல யாரும் ஓட மாட்டாங்களான்னு. வீட்ல யாரும் இல்லைன்னு சொல்லிட்டேன்." தரையைப் பார்த்துச் சொன்னேன். ஓடுறவங்க இல்லைங்கற அர்த்தத்துலதான் என்று சேர்க்க வாய் வந்தது, சேர்க்கவில்லை. அவர் தாடைப் பஞ்சைத் தொட்டுப் பார்த்தார், ரத்தம் நின்றிருந்தது. "அப்போ நல்லா ஓடிக்கிட்டிருந்தே," என்றார் கடைசியில். ஆமாம் என்றேன். "ம்," என்றார். அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது, எனக்கும் இருந்தது. யாரும் யாரையும் தேற்றவில்லை. தேற்றினால் பொய்யாகிவிடும் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தாகமாக இருந்தது. எழுந்திருக்கப் பார்த்தேன், முட்டி மடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது, சுவரில் கை வழுக்கியது. அவர் இடது கையை நீட்டினார். நீட்டிவிட்டு, என்னைத் தூக்க அந்தக் கையால் ஆகாது என்று அவருக்கே தெரிந்து, மடியில் வைத்துக்கொண்டார். பிறகு நாற்காலியில் உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்தார். அவருக்கு அது சுலபமில்லை, காலைக் கையால் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. முதுகு முழுசாக எனக்குத் திரும்பியதும், "நான் பாக்கல," என்றார். "நிதானமா எந்திரி."